பெரிய மோட்டார்ஹோமுக்கு டயர் மாற்றும் முன்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லாரி டயர் ஓடித் தேய்ந்து மொட்டையாகும். மோட்டார்ஹோம், அதாவது சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள சக்கர வீடு; அதன் டயர் பெரும்பாலும் நின்றே கிழடாகிறது. ஆண்டில் பல மாதங்கள் முழுச் சுமையோடு ஒரே இடத்தில் நிற்கும் வண்டி அது. பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேடு பள்ளமான ரப்பர்ப் பகுதி, புதிதுபோலவே இருக்கும். உள்ளே ரப்பர் உலர்ந்து இறுகிப் போயிருக்கும். லாரிக்குப் பார்க்கிற கண்ணோடு பட்டனை மட்டும் பார்த்து "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு செய்வது ஆபத்தில் முடியும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வண்டி இழுக்கிறது, அதிர்கிறது, ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது என்றவுடன் டயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவது. காரணம் வேறெங்கோ இருந்தால் புது டயரும் அதே வழியில்தான் போகும். எனவே கீழே அறிகுறியிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து எந்த டயர் என்ற கேள்விக்கும் போகலாம். 22.5 அங்குலம், 19.5 அங்குலம் ரிம் உள்ள, பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட பெரிய வண்டிகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று தகவல்கள் இல்லாமல் மேலே போக வேண்டாம்: ஒவ்வொரு டயரின் தயாரிப்புத் தேதி, ஒவ்வொரு மூலையிலும் விழும் எடை, வண்டி ஓடாமல் ஆறிக் கிடக்கும்போது உள்ள காற்றழுத்தம்.

தேதி பக்கச்சுவரில் இருக்கிறது. டிஓடி (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, கழற்றிவிடுங்கள். தேதியோடு கூடிய முழு வரிசை பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் பார்க்கத்தான் வேண்டும். அப்படிப் போவதாக இருந்தால் வண்டி சமதளத்தில், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டு, எஞ்சின் அணைந்த நிலையில் இருக்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் காற்று இறங்கி வண்டியின் அடிச்சட்டம் தாழ்ந்து உங்களை நசுக்கிவிடக்கூடும். சட்டத்துக்கு உறுதியான தாங்கி கொடுக்காமல் அடியில் தலையை நுழைக்காதீர்கள். கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துப் படித்தாலே போதுமென்றால் அதுவே நல்லது.

எடையைப் பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே பார்க்க வேண்டும்: எரிபொருள் நிறைந்து, தண்ணீர்த் தொட்டி நிறைந்து, சாமான்கள் ஏறி, ஆட்களும் உட்கார்ந்த பிறகு. 400 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிலோ. காலித் தொட்டியோடு எடுத்த எடை ஏமாற்றிவிடும். பின்னால் காரை இழுத்துச் செல்பவர்கள் அதையும் மாட்டிக்கொண்டே போங்கள். கொக்கியில் விழும் பாரம் பின் அச்சை அழுத்தி முன் அச்சைச் சற்றே தூக்கும். எடை மேடையில் அச்சு வாரியாக எடுப்பது முதல் படி. ஒவ்வொரு சக்கர முனையாக எடுக்க முடிந்தால் அதுதான் சரியான எடை. சமையலறை, ஜெனரேட்டர், பேட்டரிகள், வெளியே நீளும் அறை எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடும் வண்டிகளில் இடது வலது வித்தியாசம் சில நூறு கிலோ வரை போகும். அச்சின் மொத்த எடையில் அது ஒளிந்துகொள்ளும்.

பட்டன் நிறைய இருக்கிறது. பக்கச்சுவரில் மட்டும் வெடிப்பு

மோட்டார்ஹோம்காரர்கள் அடிக்கடி பார்க்கும் அறிகுறி இதுதான். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் ரப்பரைத் தாக்குகின்றன. அதைத் தடுக்க டயரின் ரப்பரிலேயே ஒருவகை மெழுகும் ரசாயனங்களும் கலந்திருப்பார்கள். டயர் ஓடும்போது நெளிவதால்தான் அவை மேற்பரப்புக்கு வந்து காப்பாற்றும். நின்றுகொண்டே இருக்கும் டயரில் அந்தக் கசிவு குறைகிறது. மேலே வறண்டு, மெல்லிய கோடுகள் விழுகின்றன. பளபளப்புக்காகப் பூசும் பெட்ரோலிய எண்ணெய் கலந்த பாலிஷும் ஆல்கஹால் கலந்த திரவங்களும் இருக்கிற மெழுகையும் எடுத்துவிடும். சாதாரண சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியுமே டயருக்குப் போதும்.

வெடிப்பின் ஆழம்தான் தீர்ப்புச் சொல்லும். டயரை நன்றாகத் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், முனை மழுங்கிய மெல்லிய அளவுகோலால் ஆழத்தைப் பாருங்கள். 0.8 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் மேற்பரப்போடு நிற்கிறது. தொடர்ந்து கவனித்து வரலாம். 0.8க்கும் 1.6க்கும் இடையில் இருந்தால் கனரக டயர் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். 1.6க்கு மேல் போய்விட்டால் மாற்றிவிடுவதுதான். வெடிப்புக்குள் கம்பியோ நூலோ தெரிந்தால் அளவெடுக்கும் வேலையே இல்லை, அந்த வண்டி அந்த டயரில் ஓடக் கூடாது.

பக்கச்சுவரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பட்டன் வரிசைகளுக்கு நடுவே ஓடும் பள்ளங்களின் அடிப்பகுதியையும், ரிம்மோடு டயர் சேரும் இடத்தையும் பாருங்கள். அங்கே விழும் வெடிப்பு கண்ணுக்குச் சுலபமாகப் படாது.

வெடிப்பே இல்லாவிட்டாலும் வயது என்று ஒன்று இருக்கிறது. மிச்செலின் போன்ற தயாரிப்பாளர்கள் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை நிபுணர் பரிசோதனை வேண்டும் என்றும், பத்தாண்டு ஆகிவிட்டால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பத்து என்பது கடைசி எல்லை. முன் அச்சு டயருக்கு ஏழாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் இரட்டையில் ஒன்று போனால் பக்கத்து டயர் கொஞ்ச நேரமாவது தாங்கும்; முன்னால் அந்தத் துணை இல்லை.

ஒரே டயரில் அடிக்கடி காற்று இறங்குகிறது

ஆணி, கல் என்று டயரைக் குறை சொல்லும் முன் வால்விலிருந்து தொடங்குங்கள். சோப்பு நுரையை வால்வின் வாயிலும், அது ரிம்மில் அமரும் அடிப்பகுதியிலும், நீட்டிப்புக் குழாய் இருந்தால் அதன் இணைப்புகளிலும் தடவுங்கள். உள் டயருக்குக் காற்றடிக்க வசதியாகப் போடும் வளையும் நீட்டிப்புகள்தான் பல நேரம் குற்றவாளி. ஓட்டத்தில் ஆடி ஆடித் தேய்ந்து கசியும். உறுதியான உலோக வால்வுகளுக்கு மாறி, நீட்டிப்பு தவிர்க்கவே முடியாதென்றால் அதை ரிம்மோடு பிடித்து நிறுத்தும் தாங்கியும் போடுங்கள். அலுமினிய ரிம் என்றால் டயர் அமரும் விளிம்பில் அரிப்பு ஏற்பட்டும் காற்று மெதுவாகக் கசியும். டயரைக் கழற்றி அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் தீரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ காற்று வைத்துக்கொண்டு ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடிய டயராகவே கருத வேண்டும் என்பது கனரக டயர் துறையின் விதி. அந்த ஓட்டத்தில் பக்கச்சுவரின் எஃகுக் கம்பிகள் மடிந்து மடிந்து களைத்துப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி காற்றடிக்கும்போது பக்கச்சுவர் ஜிப் திறப்பதுபோல் நீளமாகக் கிழிந்து வெடிக்கும். அருகில் நிற்பவர் உயிர் பிழைப்பது அரிது. அப்படி ஓடிய டயரில் நீங்களே காற்றடிக்காதீர்கள். கழற்றி உள்பக்கம் பார்த்த பிறகு, பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

பின் இரட்டையில் ஒன்று மட்டும் தேய்கிறது, அல்லது அதிகம் சூடாகிறது

இரட்டைச் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். விட்டம் வேறுபட்டால் பெரியது பாரத்தை வாங்கிக்கொள்ளும். சிறியது சாலையில் இழுபட்டுத் தேயும். புதிதொன்றும் பழையதொன்றும் சேர்ந்தாலும், இரண்டு கம்பெனி டயர்கள் சேர்ந்தாலும், அழுத்தம் வேறுபட்டாலும் இதேதான் நடக்கும். விட்டத்தில் சுமார் 6 மில்லிமீட்டர், சுற்றளவில் சுமார் 19 மில்லிமீட்டர்: இதற்கு மேல் வித்தியாசம் போகக் கூடாது. சுற்றளவை அளக்க ஒரு நெளியும் அளவு நாடா போதும், பட்டனின் நடுக்கோட்டைச் சுற்றிப் பிடியுங்கள். இரட்டையில் ஒன்றுக்கு மட்டும் புது டயர் வாங்க நினைப்பவர்கள் இந்த அளவை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பெரும்பாலும் ஜோடியாகவே மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு டயர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் முக்கியம். அகலமான டயர் போட்டால் அது சுருங்கும். பாரத்தில் பக்கச்சுவர்கள் கீழே புடைக்கும் இடத்தில் ஒன்றோடொன்று உரசினால் இரண்டும் போய்விடும். உள்பக்கச் சுவர்களில் பளபளவென்று தேய்ந்த வட்டத் தடம் தெரிந்தால் உரசியிருக்கிறது என்று அறியுங்கள்.

அழுத்தமும் அளவும் சரியாக இருந்தும் ஒரு முனை மட்டும் கொதிக்கிறதா? ஓடி நிறுத்தியவுடன் வெப்பமானியால் அச்சின் இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். டயரைவிட ரிம்மும் ஹப்பும் அதிகம் சூடாக இருந்தால் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. அங்கே டயரை மாற்றிப் பயனில்லை.

முன் டயர் ஒழுங்கில்லாமல் தேய்கிறது

உள்ளங்கையைப் பட்டன்மேல் வைத்துக் குறுக்கே ஒருமுறை உள்நோக்கியும் ஒருமுறை வெளிநோக்கியும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பப் பல்போல் நெருடல் என்றால் சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கின்றன. வீல் அலைன்மென்ட் பாருங்கள். வெளிக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழித்துவிடும் என்பதால் கையுறையோடு செய்யுங்கள்.

இரு ஓரங்களும் தேய்ந்து நடு நிமிர்ந்து நின்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் என்றால் சக்கரத்தின் சாய்வு. ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர், பேரிங், பேலன்ஸ் இந்த மூன்றையும் சோதியுங்கள். பட்டன் வரிசைகளின் விளிம்பில் மட்டும் ஆற்றுக் கரைபோல் மெல்லிய அரிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். நெடுஞ்சாலையில் மெதுவாகத் தேயும் முன் டயர்களில் அது இயல்பு.

மூன்றாவது அச்சு உள்ள வண்டிகளில், இறுக்கமான திருப்பங்களில் அந்த அச்சின் டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். அச்சைத் தூக்கவோ அதன் காற்றை விடுவிக்கவோ வசதி இருந்தால், மெதுவாகத் திருப்பும்போது அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது

அழுத்தம் இரு பக்கமும் சமமா என்று பார்த்துவிட்டு, முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு மறு பக்கம் திரும்பினால் கோளாறு டயரில்தான். திரும்பாவிட்டால் அலைன்மென்ட், பிரேக், அல்லது சாலையின் சரிவு. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே பலர் புது டயர் வாங்கிவிடுகிறார்கள்.

அதிர்கிறது

பல நாள் நின்ற வண்டி கிளம்பியவுடன் தடதடத்துச் சூடானதும் அடங்கினால், டயரின் அடி தட்டையாகப் பதிந்திருந்தது; அவ்வளவுதான். சூடான பிறகும் தொடர்ந்தால், ஸ்டியரிங்கில் தெரிகிறதா இருக்கையில் தெரிகிறதா என்று கவனியுங்கள். முதலாவது முன் சக்கரங்களைக் காட்டும். இரண்டாவது பின் சக்கரங்களையோ புரொப்பெல்லர் ஷாஃப்டையோ காட்டும்.

டயர் மாற்றிய உடனே தொடங்கிய அதிர்வு என்றால் பேலன்ஸ் எடை வைப்பதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். ரிம் விளிம்பை ஒட்டி டயரைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விலகினால் டயர் ரிம்மில் சரியாக அமரவில்லை. எவ்வளவு எடை வைத்தாலும் அது நிற்காது. காற்றை இறக்கி, உயவுக் குழம்பு தடவி, மறுபடி உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

புடைப்பு தெரிகிறது, அல்லது டயர் வெடித்தேவிட்டது

பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பட்டனில் புடைப்பு இருந்தால் அடுக்குகள் பிரிகின்றன. இரண்டிலும் பழுது பார்க்க எதுவுமில்லை; வண்டியை மேற்கொண்டு நகர்த்த வேண்டாம்.

ஓட்டத்தில் முன் டயர் வெடித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அதைத் தடுக்க வேண்டும். வண்டியை வெடித்த பக்கம் இழுக்கும் விசையை வெல்ல ஒரு கணம் ஆக்சிலரேட்டரை அழுத்தி, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வண்டி கட்டுக்குள் வந்த பிறகு மெல்ல வேகத்தை விட்டு ஓரம் கட்டுங்கள். ஓட்டும் எல்லோரும் இதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருப்பது அவசியம்.

வெடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் நாள்பட்ட குறை அழுத்தம், மிகை எடை, வயது ஆகிய மூன்றில் ஒன்று. வண்டியைச் சமன் செய்யக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தும்போது டயரின் பாதி கட்டைக்கு வெளியே தொங்கினாலும், இரட்டையில் ஒன்று மட்டும் கட்டைமேல் நின்றாலும், உள் கம்பிகள் சேதமாகும். கட்டை டயரின் அடியை முழுமையாகத் தாங்க வேண்டும்.

அதே அளவு டயர் கிடைக்கவில்லை. வேறு அளவு பரவாயில்லை என்கிறார்கள்

இங்கேதான் எடைச் சீட்டு பேச வேண்டும். உதாரணமாக, 295/80 ஆர் 22.5 அளவில் 152/148 எம் என்று பொறித்த டயர். 152 என்பது ஒற்றையாகப் போட்டால் 3,550 கிலோ, 148 என்பது இரட்டையில் ஒரு டயருக்கு 3,150 கிலோ, எம் என்பது மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம். முன் அச்சின் எடை 6,400 கிலோ. இரண்டால் வகுத்தால் 3,200. தாராளமாக 350 கிலோ மிச்சம் என்று தோன்றும். மூலை வாரியாக எடுத்தால் இடது 3,350, வலது 3,050. அப்போது இடது டயருக்கு மிச்சம் 200 கிலோதான், ஆறு சதவீதம்கூட இல்லை. பத்திலிருந்து பதினைந்து சதவீதமாவது கையிருப்பு இருக்க வேண்டும் என்பேன்.

சரி, 315/80 ஆர் 22.5, 156/150 எல் போடலாமா? 156 என்றால் 4,000 கிலோ, மிச்சம் 650. சுமைக்கு நல்ல தீர்வுதான். ஆனால் 295/80 டயர் 8.25 அங்குல அகல ரிம்மிலும் 9.00 ரிம்மிலும் அமரும். 315/80 டயருக்குக் குறைந்தது 9.00 வேண்டும். உங்கள் ரிம் 8.25 என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 9.00 என்றாலும் ரிம்மில் பொறித்திருக்கும் உச்ச எடையையும் உச்ச அழுத்தத்தையும் பாருங்கள். டயர் தாங்குவதை ரிம் தாங்காமல் போகலாம். விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர் கூடும், ஆகவே ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடச் சுமார் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் எங்காவது இடிக்கிறதா என்றும், பின்னால் இரட்டை இடைவெளி போதுமா என்றும் பார்க்க வேண்டும். எல் என்பது 120 கிலோமீட்டர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய டயர் போட்டதால் அச்சின் தாங்கும் திறன் ஒரு கிலோகூட உயராது.

வகையைப் பொறுத்தவரை, முன்னால் எப்போதும் நெடுஞ்சாலைக்கான, எல்லா அச்சிலும் போடத்தக்க டயரே. ஆழமான கட்டைப் பட்டன் உள்ள லாரி டயர் அதிக கிலோமீட்டர் தரும் என்று விற்கப்படும். பட்டன் தேயுமுன் வயதாகிவிடும் வண்டிக்கு அந்த ஆழத்தால் லாபமில்லை, சூடுதான் கூடும். ஓசோனைத் தாங்கும் ரப்பர் கலவையோடு மோட்டார்ஹோம்களுக்கென்றே செய்யப்படும் டயர்கள் உண்டு; கிடைத்தால் அவற்றுக்கே முன்னுரிமை. எஃப்ஆர்டி (FRT) என்ற எழுத்துகள் இருந்தால் பின்னால் இழுத்துச் செல்லப்படும் ட்ரெய்லருக்கு மட்டுமானது, வாங்காதீர்கள். புதுப் பட்டன் ஒட்டிய டயர் முன் அச்சுக்கு வேண்டாம்.

கடையில் மாட்டும் முன்பே எல்லா டயர்களின் தேதியையும் படியுங்கள். வயதுதான் உங்கள் டயரைக் கொல்லப் போகிறது என்னும்போது, கிடங்கில் இரண்டாண்டு தூங்கிய "புது" டயருக்கு முழுப் பணம் கொடுக்கக் கூடாது.

புது டயர் போட்ட பிறகு வண்டி அலைகிறது

புதுப் பட்டன் உயரமாக இருப்பதால் முதலில் சற்று நெளியும். கொஞ்சம் ஓடியதும் குறையும். குறையாவிட்டால் அழுத்தத்தைப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள அழுத்தம் அந்த டயர் தன் உச்ச சுமையைத் தாங்கத் தேவையானது. உங்கள் வண்டிக்கான அளவு அதுவல்ல. தயாரிப்பாளரின் சுமை அட்டவணையில் உங்கள் எடைக்கு எதிரே இருப்பதை எடுங்கள். அச்சின் கனமான முனைக்கு எவ்வளவோ அதையே அந்த அச்சின் எல்லா டயர்களுக்கும் வைக்க வேண்டும். வண்டி கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளவெடுங்கள். ஐந்தாறு டிகிரி வெப்பம் ஏறினால் அழுத்தம் சுமார் இரண்டு சதவீதம் ஏறும். ஓட்டத்தில் ஏறிய அழுத்தத்தைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால் ஆறியதும் குறை அழுத்தத்தில் நிற்பீர்கள்.

டயரோடு வால்வுகளையும் மாற்றச் சொல்லுங்கள். அழுத்த எச்சரிக்கைக் கருவி இருந்தால் அதன் அளவுகளையும் புது அழுத்தத்துக்கு ஏற்ப மாற்றி வையுங்கள். ஹப்பின்மேல் அமரும் 22.5 அங்குல ரிம்களில் உள்ள 22 மில்லிமீட்டர் நட்டுகளுக்கு வழக்கமான முறுக்கம் 610 முதல் 680 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு விடக் கூடாது, கடைசிச் சுற்றை முறுக்க அளவு காட்டும் ஸ்பானரால் முடிக்க வேண்டும். 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்தி எல்லா நட்டுகளையும் மறுபடி அதே முறுக்கத்தில் சோதியுங்கள். பின் இரட்டையின் நட்டுகளையும் விட்டுவிடாதீர்கள்.